ஆடும் சந்தையில் எந்தப் பங்கை எடுப்பது? கேள்வி பதில்

கேள்வி: சார், சந்தை ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. ஒரு வாரம், பத்து நாள் வைத்து விற்க எந்த மாதிரிப் பங்கைத் தேடுவது?

பதில்: ஏறுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். அவசரத்துக்கு ஒரு நிமிடத்தில் விற்று வெளியே வர முடியுமா என்று முதலில் பாருங்கள். தினசரி வால்யூம், அதாவது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை, நன்றாக இருக்க வேண்டும். வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும். திரையில் வாங்குவோர் 100, விற்போர் 101 என்று நின்றால், வாங்கிய கணமே ஏறக்குறைய 1 சதவீதம் நஷ்டம். 3 சதவீத லாபத்துக்காக இறங்குகிறவருக்கு இது பெரிய தொகை. பதற்றமான நாளில் அந்த இடைவெளி இன்னும் விரியும்.

கேள்வி: அப்படிப்பட்ட பங்குகளே நிறைய இருக்கின்றனவே, அதில் எதை?

பதில்: இண்டெக்ஸ் (நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற சந்தைக் குறியீடு) விழுந்த நாட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். இண்டெக்ஸ் 4 சதவீதம் இறங்கியபோது 1 சதவீதத்தோடு நின்ற பங்குகள் சில இருக்கும். விற்பனையை யாரோ வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். சந்தை திரும்பினால் பெரும்பாலும் இவைதான் முன்னால் ஓடும். ஆர்எஸ்ஐ (ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த் இண்டெக்ஸ் என்ற சார்ட் அளவு) இதைக் காட்டாது, அது பங்கைத் தன் பழைய விலையோடு மட்டுமே ஒப்பிடும்.

கேள்வி: 2 சதவீதம் ஸ்டாப்லாஸ் வைக்கிறேன், அதாவது அவ்வளவு இறங்கினால் தானாக விற்கும்படி ஆர்டர் போடுகிறேன். அதை அடித்துவிட்டுத்தான் பங்கு ஏறுகிறது!

பதில்: எல்லாப் பங்குக்கும் ஒரே 2 சதவீதம் வைப்பதுதான் கோளாறு. சாதாரண நாளிலேயே 3 சதவீதம் ஆடும் பங்கில் அது அடிபடத்தான் செய்யும். சார்ட்டில் ஏடிஆர் (ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்) போட்டுப் பாருங்கள். 1978-ல் வெல்லஸ் வைல்டர் அறிமுகப்படுத்திய அளவு, வழக்கமாக 14 நாள் சராசரி. பங்கு ஒரு நாளில் எத்தனை புள்ளி, அதாவது எத்தனை ரூபாய், ஆடுகிறது என்று சொல்லும், எந்தப் பக்கம் போகும் என்று சொல்லாது. ஏடிஆர் 10 என்றால் ஸ்டாப்லாஸை 20 புள்ளி தள்ளி வைக்கலாம். நஷ்டம் பெரிதாகுமே என்பீர்கள். வாங்கும் பங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் பெரிதாகாது. மூலதனம் 1 லட்சம், ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 1,000 வரை இழக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 1,000-ஐ 20-ஆல் வகுத்தால் 50 பங்கு. சந்தை கொந்தளித்து ஏடிஆர் 20 ஆகிவிட்டால் ஸ்டாப்லாஸ் 40 புள்ளி, பங்கு 25 மட்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஆட்டம் கூடும் நாளில்தான் அளவையும் கூட்டுகிறார்கள்.

கேள்வி: ஸ்டாப்லாஸ் போட்டும் அதைவிடக் கீழே விற்றுவிட்டது. எப்படி?

பதில்: கேப் டவுன், அதாவது முந்தைய நாள் முடிந்த விலைக்கு வெகு கீழே திறப்பது. 200-ல் முடிந்த பங்கு காலையில் 180-ல் திறந்தால், 190-ல் போட்ட ஸ்டாப்லாஸ் மார்க்கெட் ஆர்டராகி, அதாவது கிடைக்கும் விலைக்கு விற்கும் ஆர்டராகி, 180-ஐ ஒட்டித்தான் விற்கும். இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்திருந்தால் விற்காமலே போகலாம். காலாண்டு முடிவு எந்தத் தேதியில் வருகிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். அன்றிரவு கையில் வைத்திருப்பது என் பார்வையில் சூதாட்டம்.

கேள்வி: விக்ஸ் பார்க்க வேண்டுமா?

பதில்: பாருங்கள், 16-ஆல் வகுத்துப் பாருங்கள். இண்டெக்ஸ் எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகளை வைத்துக் கணிக்கும் அளவு அது, ஆண்டுக் கணக்கில் சொல்லும் சதவீதம். ஆண்டில் வர்த்தக நாட்கள் சுமார் 252, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. விக்ஸ் 16 என்றால் இண்டெக்ஸ் நாளுக்குச் சுமார் 1 சதவீதம் ஆடும் என்று ஆப்ஷன் சந்தை கணிக்கிறது. 32 என்றால் 2. கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 16 அன்று, அமெரிக்க விக்ஸ் 82.69-ல் முடிந்தது. நாளுக்கு 5 சதவீதத்துக்கும் மேல்! அப்படிப்பட்ட நாளில் பங்குத் தேர்வெல்லாம் எடுபடாது, எல்லாம் சேர்ந்தே விழும்.

கேள்வி: நான்கு வங்கிப் பங்குகள் வைத்திருக்கிறேன். பிரித்துத்தானே போட்டிருக்கிறேன்?

பதில்: இல்லை. வங்கிப் பங்குகள் பெரும்பாலும் சேர்ந்தே ஆடும். ஒரே டிரேடுக்கு நான்கு முறை கமிஷன் கட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி: விழுந்த பங்கைக் குறைந்த விலையில் இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்து நீண்ட காலத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: சார்ட்டைப் பார்த்து வாங்கினீர்கள், நிறுவனத்தின் கணக்கைப் படித்து அல்ல. சார்ட் சொன்ன காரணம் போனதும் விற்றுவிடுங்கள். அந்த நிறுவனம் அவ்வளவு பிடித்திருந்தால், சரி, ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு வேறு பணத்தில் புதிதாக வாங்குங்கள்.