ஆற்றோட்டத்தோடு கீழே போகப் போக ஆற்றுக் கற்கள் சிறுக்கின்றனவா? களப்பயணத்தில் எப்படி அளப்பது?

அளப்பது எளிது, கல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கண்ணால் பார்த்து எடுத்தால் கை தானாகவே வழவழப்பான, பிடிக்க வசதியான கல்லைத்தான் தேடிப் போகும். அதனால் ஓரடி வையுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பெருவிரல் முனையருகே விரலை இறக்குங்கள். முதலில் படும் கல்தான் உங்கள் கல், அது அசிங்கமாக இருந்தாலும் சரி. 1954-இல் ஆற்றியல் ஆய்வாளர் வோல்மன் சொன்ன முறை இது. ஓரிடத்துக்கு 100 கற்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று அச்சுகள் உண்டு: நீளம், அகலம், தடிமன். ஒன்றுதான் அளக்க நேரம் என்றால் நடு அச்சை, அதாவது அகலத்தை, வெர்னியர் காலிப்பரில் அளங்கள். சல்லடைத் துளையில் கல் நுழையுமா என்பதை முடிவு செய்வது அதுதான். 2 மி.மீ.க்குக் கீழே போனால் மணல்; "மணல்" என்று குறித்துவிட்டு நகருங்கள். அப்புறம், சராசரியைவிட இடைநிலை அளவே, அதாவது கற்களை அளவுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவே, நம்பகமானது. ஒரே ஒரு பாறாங்கல் சராசரியைத் தூக்கிவிடும்.

ஒவ்வோர் இடத்தின் இடைநிலை அளவையும் ஆற்றோட்டத் தூரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள்; தாமிரபரணி போன்ற ஆற்றில் அந்த வரைபடம் சீராக இறங்காது. பாபநாசம் அணை மேலிருந்து வரும் கற்களைத் தடுத்துவிடுகிறது, மணிமுத்தாறு போன்ற துணையாறு சேருமிடத்தில் புதுக் கற்கள் கலக்கலாம். அந்த மேடுபள்ளத்தை அழிக்காமல் அப்படியே விளக்குங்கள்.