பதில்: போன வருஷம் கொடுத்த 60 பேரில் 9 பேர்தான் இந்த முறை வந்தார்கள்

உங்கள் மாலைப் பள்ளிக்கு நன்கொடை திரட்ட வைக்கும் விருந்துக்குப் போன வருஷம் கொடுத்தவர்கள் இந்த முறை ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த விருந்துக்கு இப்போதே மண்டபம் பிடிக்காதீர்கள். போன வருஷம் கொடுத்த 60 பேரையும் முதலில் போனில் கூப்பிடுங்கள், பணம் கேட்காமல்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கம்பத்தில் விருந்து முடிந்து ரசீது கொடுத்த பிறகு, அவர்களுக்கு உங்களிடமிருந்து வந்த அடுத்த சேதியே இந்த வருஷ அழைப்பிதழ்தான். தன் பணத்தில் உங்கள் மாலைப் பள்ளியில் என்ன நடந்தது என்று தெரியாதவர் மறுபடி ஏன் வருவார்?

தேதியும் இடிக்கிறது. பாதிப் பேர் வண்டன்மேடு, குமுளி பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்கிறீர்கள். நீங்கள் விருந்து வைத்த ஜூனில் மழை, கூலி, உரம் என்று அவர்களுக்குச் செலவு மட்டும்தான். காய் எடுத்து, போடி, புற்றடி ஏல மையங்களில் விற்றுப் பணம் கைக்கு வரும் நவம்பர், டிசம்பரில் வையுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பிள்ளைகள் கைப்பட எழுதிய நாலு வரியைப் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்புங்கள். எத்தனை பேர் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். எங்கள் நூலகத்துக்கு உதவும் ஏலக்காய்க் கடைக்காரர், பென்சிலில் எழுதிய அப்படி ஒரு தாளைக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்.

நண்பர் கூப்பிட்டதற்காக மட்டும் வந்தவர்கள் என்று போனில் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அவர்கள் பெரும்பாலும் திரும்ப மாட்டார்கள். இன்னொன்று: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்று சொல்வது) கிடையாது. வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பிற்பாடு ஆடிட்டர் சொல்லித் தெரிந்தால் மனக்கசப்புதான்.