திரைக்குள் ஒரு திரை

அன்புள்ள ஐயா,

போன மாதம் சென்னைக்குப் போனபோது சென்ட்ரலுக்குப் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹாலைப் பார்த்தேன். 130 வருஷத்துக்கும் மேற்பட்ட கட்டடம்; சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். நம் வேலூர்க் கோட்டைக்குள் எத்தனை பழைய கட்டடங்கள்! அதில் ஒன்றைத் தெருக்கூத்துக்கு நிரந்தர அரங்கமாகக் கேட்டால் என்ன?

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

கேட்கலாம். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டும். அது கிடக்கட்டும், என் தயக்கம் வேறு.

சுகுண விலாச சபையை 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கினார்கள். படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள் ஓய்வு நேரத்தில் நடித்த நாடகம். மேடையும் படுதாவும் நாற்காலியும் அதற்குப் பொருந்தும். நம் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு மரம் ஏற வேண்டும். நட்டு நிறுத்திய பனைமரம் அது. பாரதப் போர் முடியும் படுகளத்தன்று துரியோதனன் மண்ணுருவமாக மைதானத்தை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பதையும் திரௌபதி கூந்தல் முடிவதையும் ஊரே சுற்றி நின்று பார்க்கும். இதற்கு எந்த ஹால் காணும்?

ஒருமுறை ஏசி அரங்கம் ஒன்றில் ஆரணிப் பக்கத்துக் கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடப் பார்த்தேன். விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணி நேரத்துக்கு நறுக்கியிருந்தார்கள். சுவிட்சைத் தட்டியதும் வெல்வெட் படுதா விலகியது. உள்ளே இரண்டு பேர் இன்னொரு திரையைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் அந்தத் திரைக்குப் பின்னால் மரக் கிரீடமும் மர அணிகளும் கட்டிய கட்டை வேஷக்காரர் சலங்கையை உதறினாலே முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் அம்மா மடியைத் தேடும். இங்கே மரியாதையாகக் கைதட்டினார்கள். முகவீணை என்கிற சின்னக் குழல் வேறு மைக்கில் கிழிந்து, பாட்டு ஒரு வரி புரியவில்லை.

அதற்காகக் கட்டடமே வேண்டாம் என்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூத்து கிடையாது. கிரீடம், தோளில் கட்டும் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு ஒட்டியவை; ஈரம் பட்டால் போச்சு. பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தரத் தோதான மாதங்களும் அவைதான். அப்போதுதான் தலைக்குமேல் கூரை வேண்டும். உங்கள் பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய சத்திரம், ஓட்டுக் கட்டடம் ஏதாவது இருந்தால் மழைக்காலத்துக்கு மட்டும் சாவி கேட்டுப் பாருங்கள். கோட்டையைவிடச் சீக்கிரம் கிடைக்கும். மனு எழுதினால் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.