சபைக் காசில போத்தில் தண்ணி: கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, எங்கட பிரதேச சபைக் கூட்டத்துக்கு ஆளாளுக்கு அரை லீற்றர் போத்தில் வாங்கி வைக்கினம், பாதியக் குடிச்சிட்டு மிச்சத்தை மேசையில விட்டிட்டுப் போகினம். அதே கட்டடத்தில பைப் தண்ணியும் வருது. கேட்டா அதை நம்பிக் குடிக்கேலாதாம். இது சரியோ?
(வாசகர் ஒருவர், கிளிநொச்சி)

பதில்: தம்பி, முதல்ல காசைப் பாப்பம். 2025 ஏப்ரல்ல இருந்து அரை லீற்றர் போத்திலுக்கு அரசாங்கம் போட்ட உச்ச விலை 70 ரூபா. தண்ணி பில்லில ஒரு யூனிட் எண்டுறது 1000 லீற்றர், அதைப் போத்திலில வாங்கினா 2000 போத்தில், 140,000 ரூபா. இப்ப வீட்டில கிடக்கிற பில்ல எடுத்து ஒரு யூனிட்டுக்கு என்ன போட்டிருக்கினம் எண்டு நீங்களே பாருங்கோ, எனக்கு மேல சொல்ல ஒண்டுமில்லை.

காசை விடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு. பைப் தண்ணி குடுக்கிறது பிரதேச சபை இல்லை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, அதால உறுப்பினர்மார் அது எங்கட வேலையில்லை எண்டு லேசாச் சொல்லிப்போடுவினம், ஆனா தண்ணி சரியில்லையெண்டு அவைக்குச் சந்தேகம் இருந்தா பரிசோதனை அறிக்கை தாங்கோ எண்டு கடிதம் எழுத வேண்டியதும் அவைதானே, தாங்கள் போத்திலில குடிச்சுக்கொண்டிருந்தா ஆர் எழுதுறது? சண்டையில விழுந்த உங்கட கிளிநொச்சித் தண்ணித்தாங்கி ஏ9 ரோட்டோரம் கிடக்கேக்க வந்தவன் போனவனெல்லாம் போட்டோ எடுத்தவன், அதுக்குப் பிறகு புதுத் தாங்கி கட்டி லைன் இழுத்ததும் பொதுக்காசுதான்.

அமெரிக்காவில சான் பிரான்சிஸ்கோ மேயரா கெவின் நியூசம் இருக்கேக்க, 2007 ஜூலையில இருந்து நகரக் காசில போத்தில் தண்ணி வாங்கக்கூடாதெண்டு கட்டளை போட்டவர். அடுத்த வருசம் அந்த நாட்டு மேயர்மார் மாநாட்டிலயும் பைப் தண்ணிக்கு முதலிடம் குடுக்கச் சொல்லித் தீர்மானம் எடுத்தவை. உங்கட வட்டார உறுப்பினரிட்டச் சொல்லி ஒரு பிரேரணை கொண்டுவரச் சொல்லுங்கோ: முதல்ல அறிக்கை, அது சரியெண்டா ஜக்கும் கிளாசும். எதிர்க்கிறவர் ஏன் எதிர்க்கிறார் எண்டும் கூட்டக் குறிப்பில ஏறட்டும்.

கேள்வி: எங்கட பக்கம் பைப்பே இல்லை. கிணத்துத் தண்ணி கேத்திலில வெள்ளையாப் படியுது. கந்தோரில பெரிய கேனில பில்டர் தண்ணி எடுக்கினம், இதுவும் வீண்செலவோ?
(வாசகி ஒருவர், மல்லாவி)

பதில்: இல்லைத் தங்கச்சி, அது வேற கதை. குடிதண்ணிக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 614இல கடினத்தன்மை (கேத்திலில வெள்ளையாப் படியிறது அதாலதான்) லீற்றருக்கு 250 மில்லிகிராம், புளோரைட் 1 மில்லிகிராம், அதுக்கு மேல போகக்கூடாது. புளோரைட் கொதிக்க வைச்சாப் போகாது, தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். பைப் வருமட்டும் கேன் எடுக்கட்டும், ஆனா அந்தக் கேனுக்குப் பக்கத்தில சின்னப் போத்தில் பெட்டியும் வந்து இறங்கினாக் கேளுங்கோ. பைப் லைன் எப்ப வருமெண்டும் சேர்த்துக் கேளுங்கோ, கேன் பில் கட்டிக்கொண்டே காலம் போயிடும்.

கேள்வி: பைப் தண்ணி குளோரின் மணக்குது, என்ன செய்ய?
(வாசகர் ஒருவர், வவுனியா)

பதில்: கிருமி சாகப் போடுற மருந்து அது. குடத்தில பிடிச்சு, மெல்லிய துணியால மூடி ஒரு ராத்திரி விடுங்கோ, மணம் நல்லாக் குறைஞ்சிடும்.