கிரீட் தீவு: முழங்கால் வலியுள்ள அம்மா சமாரியா பள்ளத்தாக்கில் இறங்கலாமா?

கேள்வி: செப்டம்பரில் அம்மாவுடன் (63 வயது, முழங்கால் வலி உண்டு) கிரேக்கத்தின் கிரீட் தீவுக்கு நான்கு நாள் பயணம். சமாரியா பள்ளத்தாக்கு முழுக்க இறக்கம்தான், யாரும் நடக்கலாம் என்கிறார் பேக்கேஜ் ஏஜெண்ட். நம்பலாமா? பழங்கால க்னோசோஸ் அரண்மனைக்கான டிக்கெட்டையும் அவரிடமே வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

"இறக்கம்தானே" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூட்டு வலிக்காரர்களை ஏற்றத்தைவிட இறக்கம்தான் படுத்தும். மேல் வாசலான க்ஸிலோஸ்காலோ சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடலோரக் கிராமமான அயியா ரூமெலிக்கு 16 கிலோமீட்டர். நன்றாக நடப்பவர்களுக்கே ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும். தொடக்கத்தில் மரக் கைப்பிடி போட்ட பாதை வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும்; எத்தனையோ பேர் மிதித்த கற்கள் மழமழவென்று இருக்கும். மூன்றாவது கிலோமீட்டரில் கால் நடுங்கினால், திரும்ப அத்தனையும் ஏற வேண்டும். உள்ளே வண்டி வராது. காவலர்களின் கோவேறு கழுதைதான் அங்கே ஆம்புலன்ஸ். இதை ஏஜெண்ட் சொன்னாரா?

அம்மாவுக்குக் கீழிருந்து காட்டுங்கள். அயியா ரூமெலிக்குச் சாலையே கிடையாது. தெற்குக் கரையிலுள்ள துறைமுக ஊரான ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து படகில் போய் இறங்கி, அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் முடிந்த தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். பாறைச் சுவர்கள் நெருங்கி வந்து வழி மூன்று நான்கு மீட்டராகச் சுருங்கும் 'இரும்புக் கதவுகள்' இந்தக் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அதுவரை போக முடியாவிட்டாலும் குறையில்லை. ஊர் வாசலிலேயே கடல் இருக்கிறது, கால் நனைத்து உட்காரலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு தேசியப் பூங்கா; மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மழை வந்தால் மூடிவிடுவார்கள். கல் உருளும், ஓடையில் திடீரென வெள்ளம் வரும். கடும் வெயிலிலும் மூடுவார்கள். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. செப்டம்பரிலும் இது நடக்கும். மூடுவது சரிதான், உயிர் முக்கியம். ஆனால் அந்தத் தகவல் பயணிக்கு முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியற்காலையோதான் கிடைக்கிறது. நான் அனுப்பிய ஒரு குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டது. காசு வாங்கும்போது எல்லாம் ஒரே ஆள். திருப்பிக் கேட்டால் பஸ் ஒருவருடையது, படகு இன்னொருவருடையது, பூங்கா அரசாங்கத்துடையது. கடைசிவரை பணம் வரவில்லை. அதனால் மூடினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். பள்ளத்தாக்கைக் கடைசி நாளில் வைக்கவும் வேண்டாம்.

க்னோசோஸுக்குக் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே டிக்கெட் கிடைக்கும். அதையே 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று பெயர் மாற்றிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். ஹெராக்ளியான் நகரிலிருந்து வெறும் ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸே போகும். வெயில் ஏறுவதற்குள் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

அங்கே பளிச்சென்று நிற்கும் சிவப்புத் தூண்களை 3,500 வருஷப் பழசு என்று நம்பிவிடாதீர்கள். 1878இல் அங்கே முதலில் தோண்டியவர் உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகெரினோஸ். 1900 முதல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவான்ஸ் பெரிய அளவில் தோண்டி, பல இடங்களைக் கான்கிரீட்டில் எழுப்பிக் கட்டினார். சிம்மாசன அறையில் சுவரோரம் இருக்கும் கல் சிம்மாசனம் அசல். தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று அதை நிதானமாகப் பாருங்கள். முன்னறையில் இருக்கும் மர நாற்காலி அதன் நகல். சுவரோவியங்களின் அசல் துண்டுகள் ஹெராக்ளியான் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மதிய வெயிலுக்கு அம்மாவை அங்கே அழைத்துப் போய்விடுங்கள். 1908இல் கிடைத்த, குறியீடுகள் பதித்த களிமண் தட்டான ஃபைஸ்டோஸ் வட்டும் அங்கேதான். அதன் எழுத்தை இதுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை.

கார் எடுப்பதானால் ஃபைஸ்டோஸ் அரண்மனையையும் பார்க்கலாம். க்னோசோஸ் போல அதை எழுப்பிக் கட்டவில்லை, கூட்டமும் குறைவு. நம் ஊர் லைசென்ஸ் மட்டும் அங்கே போதாது. கிளம்புவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் எடுத்துவிடுங்கள்.