அத்தை போட்ட தையலைப் பிரிக்கலாமா?

அன்புள்ள அக்கா,

வணக்கம். பழைய சேலைப் போர்வைகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். என் மாமியார் (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து நூல்சேலைகளை அடுக்கிக் கையாலேயே போர்வை தைக்கிறவர். என் மகள் ஓசூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீடியோ பார்த்துப் பார்த்து அவளுக்கு க்வில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்து அடுக்கித் தைக்கும் போர்வை) மேல் பித்துப் பிடித்துவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து ஒன்று செய்து முடித்தோம். நடுவிலுள்ள சதுரங்கள் மகளுடையவை. பர்கூரில் புதுத்துணி வாங்கி மெஷினில் தைத்தாள். சுற்றிலும் அத்தையின் பழைய சேலைகள், அவருடைய கைத்தையல். இரண்டையும் சேர்த்ததும் ஓரம் அடித்ததும் நான்.

பெங்களூரில் நடக்கப்போகும் ஒரு க்வில்ட் கண்காட்சிக்கு இதை அனுப்பலாம் என்று மகள் விண்ணப்பம் வாங்கினாள். சண்டை அங்கே ஆரம்பித்தது. ‘செய்தவர் பெயர்’ என்று ஒரே ஒரு கோடுதான் போட்டிருக்கிறது. யார் பெயரை எழுதுவது? அது போதாதென்று, ஓரிடத்தில் அத்தையின் தையல் கோணலாகப் போகிறது, நடுவர்கள் மார்க்கைக் குறைப்பார்கள், அதை மட்டும் பிரித்து மெஷினில் ஓட்டிவிடலாம் என்கிறாள் மகள். அது அத்தை காதில் விழுந்துவிட்டது. இப்போது பேச்சு வார்த்தை இல்லை. என் வீட்டுக்காரரோ, “கந்தலுக்கெல்லாம் கண்காட்சியா?” என்று சிரிக்கிறார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாத வாசகி,
பாலக்கோடு

---

அன்புள்ள தங்கைக்கு,

பிரிக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் யாரும் கத்தரிக்கோலைத் தொட வேண்டாம்.

நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சைச் சேலையும் காப்பிக்கொட்டை நிறச் சேலையும் சேரும் இடத்துக்குக் கீழே, அத்தையின் தையல் வரிசை இடதுபக்கம் வளைகிறது. ஒரு சாண் தூரம் அப்படியே போய் மறுபடி நேராகிறது. அதை ஒட்டி அடுத்தடுத்த வரிசைகளும் அதே வளைவில் போகின்றன. கை தவறியிருந்தால் ஒரு வரிசைதான் கோணியிருக்கும். வளைவுக்கு உள்ளே துணி லேசாகத் தடித்திருப்பதும் நிழலில் தெரிகிறது. பச்சைச் சேலை அந்த இடத்தில் நைந்திருக்க வேண்டும். அத்தை அடியில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு, நைந்த இடத்தில் ஊசி ஏறாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். உங்கள் மகளை அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒட்டின் விளிம்பு கைக்குத் தட்டுப்படும்.

மெஷின் தையல் ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடும். புதுத்துணி தாங்கும். வருடக்கணக்கில் கட்டித் துவைத்து வெயிலில் காய்ந்த நூல்சேலை தாங்காது. தபால்தலைத் தாளைப் போல ஓட்டை வரிசையிலேயே கிழிந்து வரும். கைத்தையலைப் பிரிக்கும்போதே பாதி இடத்தில் நூலோடு துணியும் வந்துவிடும். அதன் மேல் மெஷினும் ஓடினால் கண்காட்சிக்கு அனுப்பப் போர்வை மிஞ்சாது.

உங்கள் மகள் சொல்வதில் விஷயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுவர்கள் தையல் சீராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் செய்வார்கள். மேலே தெரியும் தையலும் பின்பக்கம் தெரியும் தையலும் ஒரே நீளத்தில் இருக்கிறதா, நூல் எங்காவது சுருக்கி இழுக்கிறதா, முடிச்சு வெளியே தெரிகிறதா என்று கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். கார்மென்ட்ஸில் வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தக் கண் இருக்கும்; இருக்கவும் வேண்டும். ஆனால் அத்தை தைத்தது மேலே போட்டுக்கொண்டு தூங்க. அவருடைய ஒவ்வொரு வரிசையும் துணி நகராமல் இருக்கவும் கிழியாமல் இருக்கவும் போட்டது. கண்காட்சியில் போர்வை சுவரில் தொங்கும். படுப்பதற்குத் தைத்ததைத் தொங்கவிடப் போகிறீர்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது இந்த இடத்தில்தான். கோணல் ஒரு பிரச்சினையே இல்லை.

எடையைப் பாருங்கள். ஒரு நூல்சேலை ஏறக்குறைய அரைக் கிலோ. அத்தையின் பக்கம் நாலைந்து அடுக்காவது இருக்கும். பாயில் விரித்திருக்கும்போது அந்த எடை தரைக்குப் போய்விடும். தொங்கும்போது முழு எடையும் மேல் ஓரத்தில் வந்து இழுக்கும். அதனால் மேல் ஓரத்தில் கயிறு கட்டுவது, கிளிப் மாட்டுவது, ஊக்குக் குத்துவது எல்லாம் கூடாது. பின்பக்கம் மேலே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நாலு அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழாய் தைக்க வேண்டும். ‘ஸ்லீவ்’ என்பார்கள், உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஓரங்குலம் உள்ளே தள்ளி நிற்கட்டும். கழி அதற்குள் போகும்போது எடை அகலம் முழுக்கப் பரவிவிடும். புதுக் காடாத்துணியில் தையுங்கள், பழைய சேலையில் வேண்டாம். ஊசி முன்பக்கம் வரக் கூடாது. அதே சமயம் மேலாக ஒரே ஒரு அடுக்கை மட்டும் பிடித்தாலும் போதாது, இரண்டு மூன்று அடுக்கு பிடிக்க வேண்டும். இந்த வேலைக்கு உங்கள் வீட்டில் ஒரே ஒரு கைதான் இருக்கிறது. அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஓரம். மன்னிக்கவும், அது உங்கள் வேலை. நீங்கள் மெஷினில் ஒரே மடிப்பாக அடித்துவிட்டிருக்கிறீர்கள். மூலைகள் உருண்டு நிற்கின்றன. நடுவர்கள் தள்ளி நின்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். நாலு பக்கமும் நேராக விழுகிறதா, மூலை சதுரமாக இருக்கிறதா, எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளமா என்று பார்ப்பார்கள். பிரிப்பதானால் அந்த ஓரத்தைப் பிரியுங்கள். இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து, முன்பக்கம் மெஷினில் ஓட்டி, பின்பக்கம் திருப்பிக் கையால் தையுங்கள். மூலையில் பட்டியை மடித்துத் திருப்ப வேண்டும், இழுத்து வளைக்கக் கூடாது. பட்டிக்குள் போர்வையின் விளிம்பு முழுக்கப் போய் உட்கார வேண்டும். அமுக்கிப் பார்த்தால் எங்கேயும் காலியாக இருக்கக் கூடாது. நேர்ப் பக்கங்களுக்கு நேராக வெட்டிய பட்டியே போதும், சாய்வாக வெட்டும் கிராஸ் பீஸ் வேண்டாம்.

பர்கூர்த் துணியைப் பற்றி ஒரு பயம். குட்டி சூரத் என்று பேர் வாங்கிய ஊர், நல்ல காட்டன் கிடைக்கும், அதில் குறை இல்லை. தைப்பதற்கு முன் அதைத் துவைத்தீர்களா? கடிதத்தில் எழுதவில்லை. துவைக்காமல் தைத்திருந்தால், முதல் துவைப்பில் புதுத்துணி சுருங்கும். அத்தையின் சேலைகள் சுருங்க வேண்டியதை என்றைக்கோ சுருங்கி முடித்துவிட்டன. சேரும் இடமெல்லாம் சுருக்கம் விழும். அந்தச் சிவப்புச் சதுரங்கள் சாயம் விட்டால் அதற்கப்புறம் வைத்தியமே கிடையாது. ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு சிவப்புச் சதுரத்தின் மூலையை ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் கண்காட்சி முடியும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். நிழலில் காற்றாட விரித்து உதறினால் போதும்.

இனி பெயர்.

இந்த மாதிரிப் போட்டிகளில் கைத்தையல், மெஷின் தையல் என்று தனித்தனிப் பிரிவு வைப்பது வழக்கம். பலர் சேர்ந்து செய்ததற்கும் பல இடங்களில் தனிப் பிரிவு உண்டு. மேல்துணியைச் சேர்த்தவர் ஒருவர், அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தவர் வேறொருவர் என்றால் இரண்டு பேர் பெயரையும் கேட்பார்கள். விண்ணப்பத்தில் ஒரு கோடு இருக்கிறதே என்று ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். நடத்துகிறவர்களுக்கு எழுதி, மூன்று பேர் செய்தது, மெஷினும் கையும் கலந்தது, எந்தப் பிரிவில் சேரும் என்று கேளுங்கள். அவர்கள் தனியாள் பிரிவு மட்டும்தான் என்று சொன்னால், என் யோசனை, அந்தக் கண்காட்சிக்கு இதை அனுப்பாதீர்கள். மகள் தனியாக இன்னொன்று தைத்து அனுப்பட்டும். அவளுக்கு அந்தத் திறமை இருக்கிறது.

பெயர் வரிசையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காமலே சொல்கிறேன். அத்தை, மகள், நீங்கள். ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் தவிர அத்தையின் பெயர் இதுவரை எங்கே அச்சாகியிருக்கிறது? பின்பக்கம் கீழ்மூலையில் ஒரு வெள்ளைத் துணித்துண்டு வைத்து மூன்று பெயரும், ஊரும், வருடமும் நூலால் எழுதித் தையுங்கள். எந்தச் சேலை யாருடையது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தைவிட இது ஆயுசு கெட்டி.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கதை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடும் ஒரு மூலையில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாக வந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டையையும் சட்டையையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். குளிருக்குத்தான். முட்டி தேய்ந்த இடம் ஒரு நிறம், பாக்கெட்டைப் பிரித்த இடம் ஒரு நிறம், கோடுகள் ஒன்றும் நேராக இருக்காது. 2002-இல் அவை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-இல் அமெரிக்கத் தபால்துறை அந்தப் போர்வைகளைத் தபால்தலையாகப் போட்டது. கந்தலுக்குக் கண்காட்சி உண்டு என்று அவரிடம் சொல்லுங்கள். பிற்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2007-இல், தங்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்று அவர்களில் மூன்று பெண்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. மறுவருடம் சமாதானமாக முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன், விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை மகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். படம் எடுத்து எதற்குப் பயன்படுத்துவார்கள், விற்றால் பணம் யாருக்கு, வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ப் போர்வை அத்தையின் வேலைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அவர்கள் மேல்துணியை முன்னாலேயே தைத்து வைப்பதில்லை. ஓரத்தில் ஆரம்பித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஓட்டுத் தையலிலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துச் சின்ன முக்கோணம் வைப்பார்கள். அதற்குப் பூ என்று பேர். பூ வைக்காமல் கவந்தியை முடித்ததாகக் கணக்கில்லை. நம் பக்கமும் தளி, தேன்கனிக்கோட்டையில் மார்கழிக் குளிருக்குத் தெலுங்கு, கன்னட வீடுகளில் பழைய சேலைப் போர்வை தைத்தார்கள். சரிந்துவிடும் பாலியஸ்டர் சேலைகள் வந்த பிறகுதான் குறைந்தது. அதில் அடுக்கு நிற்காது, வியர்வையும் உறிஞ்சாது. உங்கள் அத்தையிடம் மிச்சம் நூல்சேலைகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியிலும் குழு ஸ்டாலில் வைக்கலாமா என்று படத்துக்குக் கீழே கேட்டிருந்தீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக 1989-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் வந்தது நம் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். குழுப் பெண்களுக்கு அங்கே இடம் கேட்க உரிமை உண்டு. ஆனால் இந்தப் போர்வையை வைக்காதீர்கள். மாம்பழம் சாப்பிட்ட கையோடு வந்து எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள். போட்டிக் கண்காட்சியில் பின்பக்கத்தைக் காட்டக்கூட வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நிற்பார். இங்கே அதெல்லாம் நடக்காது. சின்னதாக நாலைந்து குழந்தைப் போர்வை தைத்து வையுங்கள். நிச்சயம் விற்கும்.

பெங்களூருக்கு எடுத்துப் போகும்போது பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், வேர்த்துவிடும். சுத்தமான பழைய வேட்டியில் சுற்றுங்கள். மடிப்பதைவிட உருட்டுவது நல்லது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் வேண்டாம்.

எந்தப் பிரிவு என்று பதில் வந்ததும் எழுதுங்கள். பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அத்தையின் கை அங்கேதான் நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா