திண்டில் சாய்ந்தும் இடுப்பு வலிக்கிறதா?

கேள்வி: ஓய்வு யோகா என்று திண்டில் சாய்ந்து சுப்த பத்த கோணாசனம் (மல்லாந்து படுத்து, உள்ளங்கால்களைச் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரிப்பது) செய்கிறேன். பத்து நிமிடத்தில் இடுப்பு வலிக்கிறது, உள்தொடையும் இழுக்கிறது. தொடர்ந்து செய்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இந்த வகைப் பயிற்சியில் எந்தத் தசையும் இழுபடவே கூடாது. இழுபடும் தசை தன்னைக் காத்துக்கொள்ள விறைக்கும். விறைப்போடு எவ்வளவு நேரம் படுத்தாலும் அது ஓய்வில்லை.

முதலில் திண்டைப் பாருங்கள். பிட்டம் தரையில்தான் இருக்க வேண்டும், திண்டின் மேல் அல்ல. நீளவாக்கில் வைத்த திண்டின் நுனி வால் எலும்பை ஒட்டியிருக்கட்டும். நாலு விரல் இடைவெளி விழுந்தால் கீழ்முதுகு தாங்கலின்றித் தொங்கும். பெரும்பாலும் வலி அங்கிருந்துதான் வரும். ஒட்டி வைத்தும் வலித்தால், பிட்டத்தின் கீழ் மடித்த போர்வை ஒன்றைப் போடுங்கள். திண்டின் உயரம் அந்த அளவுக்குக் குறையும்.

அடுத்து தொடை. குதிகால்களை உடலிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். இரண்டு வெளித்தொடைகளின் கீழும் தலையணை செருகுங்கள். அது தொடையைத் தொட்டால் போதாது, கால் பாரம் முழுவதையும் தாங்க வேண்டும். தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்து, மடித்த போர்வை ஒன்று. நெற்றி மோவாயைவிடச் சற்றே உயர்ந்திருக்கட்டும்.

முதல் வாரம் 5 நிமிடம் போதும், பிறகு 15 வரை போகலாம். அரை மணி நேரத்தில் இரண்டு ஆசனத்துக்கு மேல் வேண்டாம். (ஆறேழு ஆசனங்களை அடுக்குபவர்களுக்குத் திண்டை மாற்றவே நேரம் போய்விடும்.) அசையாமல் கிடந்தால் உடம்பு குளிரும்; போர்த்திக்கொள்ளுங்கள். எழும்போது கைகளால் முழங்கால்களைச் சேர்த்து, பக்கவாட்டில் புரண்டு, ஐந்தாறு மூச்சு கழித்துக் கையூன்றி எழுங்கள்.

கேள்வி: சுவரில் கால் தூக்கி வைக்கும் விபரீத கரணியில் பாதம் மரத்துப்போகிறதே?

பதில்: சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் படுத்து, முழங்காலை லேசாக மடியுங்கள். அப்படியும் மரத்தால் கெண்டைக்கால்களை நாற்காலி இருக்கையில் வைத்துப் படுங்கள். ஓய்வுக்கு அதுவே போதும். கண் அழுத்த நோயோ விழித்திரைக் கோளாறோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலைத் தூக்க வேண்டாம். கருவுற்று ஐந்து மாதம் கடந்தவர்கள் நெடுநேரம் மல்லாந்து படுக்காமல், இடப்பக்கம் ஒருக்களித்து, மேற்காலைத் திண்டில் வைக்கலாம்.

கேள்வி: சவாசனத்தில் தூங்கிவிடுகிறேன். தவறா?

பதில்: தவறில்லை, தூக்கம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். விழித்தே இருக்க விரும்பினால் முழங்கையைத் தரையில் ஊன்றி, ஒரு முன்கையை மட்டும் செங்குத்தாக நிறுத்துங்கள். கண் அயர்ந்ததும் கை சரிந்து எழுப்பிவிடும்.